அமானுஷ்யக் காதற்கதையும் நம்பிக்கையின் பிணையும்: வெருகலை முன்வைத்து ஓர் ஆய்வு

மகாவலி கங்கை கடலை அடையுமுன் பிரியும் கிளைகளுள் ஒன்று வெருகலாறு. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில் ஓடும் அவ்வாற்றின் கரையிலே சித்திரவேலாயுத சுவாமி கோயில் அமைந்துள்ளது. வடபுலத்திலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் தங்கிச் செல்லும் தலங்களுள் இது முக்கியமானது. இக்கோயில் முருகன் மீது தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் பாடியது வெருகற் சித்திரவேலாயுதர் காதல் என்னும் பிரபந்தம். ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதுவோர் இதனைக் குறிப்பிடாது செல்வதில்லை; ஆயினும், பெயரைக் குறித்துவிட்டு அப்பாற் செல்வோரே மிகுதி. நாம் அதனை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் வேறு. தன் இனத்தைச் சேராத, தன் ஆற்றலுக்கு அளவிறந்து மேற்பட்ட ஒருவனிடம் ஒரு பெண் மனத்தைக் கொடுப்பதைப் பேசுகின்ற இலக்கியவகை அது. அவ்வாறு கொடுக்கும் மனத்துக்குப் பாதுகாப்பு யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினாவை இன்று மிகுந்த ஆர்வத்தோடு எழுப்புவது, நமது கல்விமான்கள் கையாலும் தொட விரும்பாத ஒரு புனைகதை வகையாகும். மானிடருக்கும் மானிடரல்லாதாருக்கும் இடையிலான காதலைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் அண்மைத் தசாப்தங்களில் ஆங்கில நூற்சந்தையிலே தனியொரு வகையாக வளர்ந்துள்ளன. 'பாரநோர்மல் றொமான்ஸ்' என அங்கு வழங்கும் இதனை அமானுஷ்யக் காதற்கதை என நாம் குறிப்போம். காதலன் இரத்தம் உண்டு வாழ்பவனாகவோ, ஓநாயாக உருமாறுபவனாகவோ, இறந்தவனின் ஆவியாகவோ இருப்பான். ஸ்ரெபனி மேயர் எழுதிய துவைலைற் 2005 இல் வெளிவந்ததன் பின்னர் இவ்வகை உலகெங்கும் இளம் வாசகரிடையே பரவியது. தமிழிலும் இச்சாயலில் தொடர்கதைகள் எழுதப்படுகின்றன. பண்டிதர் இவற்றைக் குப்பை என்பர். முற்போக்காளர் அபின் என்பர். இரு தீர்ப்புகளிலும் உண்மையுண்டு. ஆனால் நூலைத் திறவாமலே வழங்கப்படும் தீர்ப்பு எதையும் விளக்குவதில்லை.

திறந்து பார்ப்போர் முதலில் அவதானிக்கக்கூடியது ஒன்றுண்டு. இக்கதைகளிற் பலவற்றின் மையச் சம்பவம் கூடல் அன்று, நம்புதல் ஆகும். கதை தொடங்குமுன்னரோ அதன் இடையிலோ தலைமக்களுள் ஒருவர் ஆழமாகக் காயப்பட்டிருப்பார். ஜே. ஆர். வார்ட் 2006 இல் வெளியிட்ட நாவலொன்றின் தலைவன் நெடுங்காலம் இரத்த அடிமையாக வைத்துப் பாலியல் வதைக்கு உள்ளாக்கப்பட்டவன். பிறர் தன்னைத் தொடுவதையே தாங்கமாட்டாதவன். பற்றீசியா பிறிக்ஸ் எழுதும் மேர்சி தொம்ஸன் நாவல் வரிசையில், 2008 இல் வெளியான நூலின் இறுதியிலே தலைவி வன்புணர்வுக்கு உள்ளாகிறாள். அடுத்த ஆண்டு வந்த நூல் அந்நிகழ்ச்சியை மறந்துவிடுவதில்லை. அவளுக்குத் திடீர்த் திடீரென அச்சம் எழுகிறது, மூச்சுத் திணறுகிறது. அவளைக் காதலிக்கும் ஓநாய்மனிதன், ஒரு கூட்டத்துக்கே தலைவனாயிருந்தும், நெருங்கும் வேகத்தை அவளிடமே விட்டுவிடுகிறான். சாகச நாவலொன்றிலே இத்தகைய பொறுமையை எதிர்பார்த்து நாம் செல்வதில்லை.

இதற்கு அமானுஷ்யம் எதற்கு என்ற கேள்வி எழலாம். காயப்பட்ட பெண்ணும் பொறுமையான ஆணும் யதார்த்த நாவலிலும் இருக்கலாமே. எமது கருத்து இது: நாளாந்த வாழ்விலே மரியாதைச் சொற்களாலும் குடும்ப வழக்கங்களாலும் மூடப்பட்டிருக்கும் ஆற்றல் ஏற்றத்தாழ்வை இக்கதைகள் முதற்பக்கத்திலேயே திறந்து காட்டிவிடுகின்றன. அவன் நினைத்தால் அவளைக் கொல்லலாம். இதை அவனும் அறிவான், அவளும் அறிவாள், வாசகரும் அறிவர். வீட்டுக்கதைகளில் கணவனின் கையோங்கல் எதிர்பாராத திருப்பமாக வரும். இங்கோ கோரைப்பல் தொடக்கத்திலிருந்தே கண்முன் நிற்கிறது. ஆகவே, அவன் செய்யமாட்டான் என்று அவள் எதைக்கொண்டு நம்புவது என்ற வினாவிலிருந்து கதை தப்பிச் செல்லவியலாது. இவ்வகையின் நல்ல நூல்கள் அதற்குத் தரும் விடை உணர்ச்சிவயமானதன்று. செய்யக்கூடியவன் செய்யாதிருப்பதை மீண்டும் மீண்டும் கண்டபின் அவள் நம்புகிறாள். அங்கு நம்பிக்கை சான்றுகளிலிருந்து கற்கப்படுகிறது. வலியவனின் தன்னடக்கமே சான்று.

உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992 இல் வெளியிட்ட நூலிலே, பெருங்காயத்திலிருந்து மீளல் மூன்று படிநிலைகளிலே நிகழ்வதாக விளக்கினார். முதலாவது பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து துக்கித்தல், பின்னர் பிறரோடு மீள இணைதல். பாதுகாப்பு உறுதியாகுமுன் காயத்தைப் பேசவைப்பது தீங்கு பயக்கலாம் என்பது அவர் வற்புறுத்திய செய்தி. அமானுஷ்யக் காதற்கதையின் செம்மையான நூல்கள் இவ்வொழுங்கை ஏறக்குறையப் பின்பற்றுகின்றன.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் காதல் நாவல் வாசிக்கும் பெண்களை நேரிற் கண்டு ஆராய்ந்த ஜானிஸ் றாட்வே, 1984 இல் வெளியிட்ட நூலில் ஒரு நுட்பத்தை எடுத்துக்காட்டினார். தலைவனின் முரட்டுத்தனம் உண்மையில் மறைந்திருந்த அன்பே எனத் தலைவி பின்னர் பொருள்மாற்றி வாசிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்பதே அது. கொடுமை மாறுவதில்லை, அதற்குரிய உரை மாறுகிறது. துவைலைற் நாவலிலே தலைவன் தலைவிக்குத் தெரியாமல் இரவிலே அவள் அறைக்குட் புகுந்து அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உண்மை தெரிந்தபோது அவள் அஞ்சவேண்டியிருக்க, கதை அவளை மகிழச் செய்கிறது. 'விதிக்கப்பட்ட துணை' என்னும் உத்தியும் இத்தகையதே. இவ்விருவரும் பிறப்பினாலேயே ஒருவருக்கொருவர் குறிக்கப்பட்டவர் எனக் கதை அறிவித்துவிட்டால், அவள் இசைந்தாளா என்ற கேள்வியைக் கேட்பாரில்லை.

இவ்வுத்தி மேனாட்டுச் சந்தையின் கண்டுபிடிப்பென எவரும் கருதிவிடல் ஆகாது. கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலத்தை நோக்குக. தினைப்புனம் காக்கும் வேட்டுவப் பெண்ணிடம் முருகன் வேடனாக வருகிறான். சுற்றத்தார் வர வேங்கை மரமாகிறான். பின் முதியவனாகி உணவும் நீரும் கேட்கிறான். எதற்கும் அவள் இணங்காதபோது அண்ணனாகிய விநாயகனை யானையாக வரவழைக்கிறான். அஞ்சிய பெண் முதியவனையே தழுவுகிறாள். பக்தர் இதனைத் திருவிளையாடல் என்பர். பக்தியின் எல்லைக்குள் அது பொருத்தமே. கதை என்ற வகையில் நோக்கினால், அவளுடைய நம்பிக்கை தேடிப் பெறப்பட்டதன்று, அச்சத்தினால் வருவிக்கப்பட்டது என்பது தெளிவாகும். புராணகாரரும் இந்நெருடலை உணர்ந்திருக்கவேண்டும். முற்பிறப்பில் அவள் திருமாலின் மகளாக இருந்து முருகனை அடையத் தவம் செய்தவள் என்ற முன்கதை அங்கே வைக்கப்பட்டுள்ளது. இப்பிறப்பில் பெறாத இசைவு முற்பிறப்பிலிருந்து கொண்டுவரப்படுகிறது. விதிக்கப்பட்ட துணை என்னும் உத்தியின் பழைய வடிவம் இதுவே.

வெருகலிலே இக்கதைக்குத் தனி அழுத்தமுண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட இக்கரையோரத்தில் தமிழ் பேசும் வேடர் சமூகத்தினர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலும் கரையோர வேடருக்கு இடமுண்டு. இலங்கை மரபிலே கதிர்காமத்து வள்ளி வேடர் குலமகள். காணியற்றோராகவும் கல்வி வாய்ப்புக் குன்றியோராகவும் ஓரந்தள்ளப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் பெண்ணிடம், வேற்றிடத்திலிருந்து வரும் வலியவன் வேடனாக வேடமிட்டு வருகிறான் என்று இக்கதையைக் கேட்குமிடத்து, அது வெறும் விளையாட்டாக ஒலிப்பதில்லை.

இனி, காதற் பிரபந்தங்களுக்கு வருவோம். உலா வரும் தலைவனைக் கண்டு காமுற்றவள் அக்காதலைப் பிறரோடு உரைத்து வருந்துவதைப் பவனிக்காதல் எனப் பாட்டியல் வகுக்கும். தலைவன் தெய்வமாயினும் அரசனாயினும் இலக்கணம் ஒன்றே. அங்கு பார்க்கும் கணமே நம்பும் கணமுமாகும். நோய் அவளுடையது, மருந்து அவனுடைய மாலை. அவன் எதையும் நிரூபிக்கவேண்டியதில்லை. நிலவுடைமைச் சமுதாயத்திலே தலைவனிடம் குடிகள் கொள்ளவேண்டிய பற்றின் வடிவம் இதுவெனக் கூறலாம். கூளப்ப நாயக்கனுக்கும் கோயில் முருகனுக்கும் ஒரே அச்சில் காதல் பாடமுடிந்தது தற்செயலன்று. வீரக்கோன் முதலியாரின் நூல் தோன்றிய மரபு இதுவே. தன் ஊர்த் தெய்வத்தை ஒரு பெண்ணின் ஏக்கத்தினூடாக நெருங்கியவனாக்கும் அம்மரபின் இனிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் காயம்பட்ட ஒருத்தி அதற்குள் நுழைவதற்கு வாயிலில்லை. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. ஐயத்துக்கு இடமில்லாதவிடத்து நம்பக் கற்றலுக்கும் இடமில்லை.

சங்க அகப்பாடல்கள் இவ்விடயத்திலே மிகுந்த நிதானம் உடையவை. மகள் மெலிவதைக் கண்ட தாய் முருகு அணங்கியதென எண்ணி வேலனை அழைக்கிறாள்; வேலன் வெறியாடுகிறான். தோழி சிரிக்கிறாள். நோயின் காரணம் தெய்வமன்று, மலைநாட்டு இளைஞன் ஒருவன் என்பதை அவள் அறிவாள். அமானுஷ்யக் காரணத்தை ஒதுக்கி மானிடக் காரணத்தைக் காட்டும் அச்சிரிப்பைத் தமிழ்ப் பகுத்தறிவின் தொடக்கங்களுள் ஒன்றெனக் கொள்ள நாம் தயங்கவேண்டியதில்லை. எனினும் அப்பாடல்களிலே தெய்வத்துக்கு வேறொரு தொழில் உண்டு. களவிலே கூடிய தலைவன் பிரியேன் எனச் சூள் உரைக்கிறான். சான்று யார்? குறுந்தொகையின் 25 ஆம் பாட்டில், மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றே அங்கிருந்ததாகத் தலைவி வருந்துகிறாள். 87 ஆம் பாட்டில் மன்றத்து மராமரத்திலே உறையும் அச்சந்தரும் கடவுள் கொடியோரை வருத்தும் என்று கூறப்படுகிறது. உடனே, என் தலைவர் கொடியரல்லர் என்று அவள் அவனுக்காகப் பரிகிறாள். இரண்டும் கபிலர் பாடியவை. இவற்றை அருகருகே வைத்து நோக்கினால் ஒரு சமூகப் பிரச்சினை புலனாகும். நம்பிக்கை உடையுமாயின் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். குருகு கேளாது. மரத்திலுள்ள தெய்வம் கேட்கும் என்பது ஒரு ஏற்பாடு. அமானுஷ்யம் அங்கே காதலனாக வரவில்லை, பிணையாக நிற்கிறது.

இப்பிணை பற்றிய சிந்தனையின் உச்சத்தைப் பழையனூர் நீலி கதையிலே காண்கிறோம். கணவனாற் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாக வரும் அவனைப் பின்தொடர்கிறாள். மனைவிபோல உருக்கொண்டு, இவன் என்னைக் கைவிடுகிறான் என வேளாளர் சபையில் முறையிடுகிறாள். வணிகன் அஞ்சுகிறான். அவன் கையிலிருக்கும் வாளே அவனுக்குக் காப்பு. சபையார் எழுபதின்மரும், உன் உயிருக்கு எம் உயிர் பிணை எனக் கூறி வாளை வாங்கிக்கொண்டு அவனை அவளோடு இருத்துகின்றனர். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்னபடி தீயிற் புகுகின்றனர். வேளாளரின் வாய்மைக்குச் சான்றாக இக்கதை காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. சாதிப் பெருமையாகவும் சொல்லப்படுகிறது. அப்பெருமையை விலக்கிவிட்டு நோக்கினாலும் எஞ்சும் செய்தி அரியது. நம்பு என்று ஒருவரிடம் சொல்பவர், நம்பிக்கை பொய்க்குமாயின் அதன் விலையைத் தாமே கொடுக்கக் கடமைப்பட்டவர். தன் முதற் கொலைக்கு எச்சபையும் விடை கூறாமையாலேயே நீலி பேயானாள் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

அதே நீலியைச் சமண நூலான நீலகேசி வேறுவிதமாக ஆக்குகிறது. முனிவர் ஒருவரின் தவத்தைக் கலைக்க அரசகுமாரி வடிவில் வரும் பேயை அவர் இன்னாளென அறிந்துகொள்கிறார், அஞ்சவுமில்லை, விரட்டவுமில்லை. கொல்லாமையை உணர்ந்த பேய் பின்னர் பல சமயத்தாரோடும் வாதம் புரியும் அறிஞராகிறாள். காயப்பட்டவள் காதலினால் அன்றி அறிவினாலும் தொழிலினாலும் மீளும் ஒரு கதை நம் மொழியிலே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணிப்பார்க்கப்பட்டது. மேனாட்டு அமானுஷ்ய நாவலாசிரியர் எவரும் இதனை அறிந்திலர். நம்மவரில் எத்தனைபேர் அறிவர் என்பது வேறு விடயம்.

இவ்வளவும் இலக்கியம். வெருகலின் மக்களுக்கோ நம்பிக்கை என்பது ஏட்டுப் பிரச்சினையாக இருந்ததில்லை. 2004 ஏப்ரலில் விடுதலைப் புலிகளின் இரு பிரிவினர் வெருகலாற்றங்கரையிலே மோதினர். ஒரே அணியில் நின்ற இளைஞர் எதிரெதிரே நின்று மாண்டனர். அவ்வாண்டு டிசம்பர் 26 இல் கடல்கோள் வந்தது. 2006 யூலையில் மாவிலாறு அணைக்கட்டு மூடப்பட்டதையொட்டி மூண்ட போரிலே ஈச்சிலம்பற்று, மூதூர்க் கிழக்கு மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் பெயர்ந்தனர். 2007 இலும் அதன் பின்னரும் மீளக் குடியமர்த்தப்பட்டனர். அதற்கு முந்திய இரு தசாப்தங்களிலே கிழக்கில் அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதோர் பலர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், 1993 இல் வெளியான மனவடு தொடக்கம் தம் எழுத்துகளிலே, போர் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தையே காயப்படுத்துகிறது என எடுத்துரைத்தார். அயலாரிடம் பேச அஞ்சுதல், மௌனம், எவரையும் நம்பாமை ஆகியன அக்காயத்தின் குறிகள். தகவல் கொடுப்பவன் யாரெனத் தெரியாத ஊரிலே நம்பாமை நோயன்று, உயிர்காக்கும் அறிவு. அதனை மறக்கச் சொல்லுதல் மருத்துவமாகாது.

அக்காலத்திலே பெண்கள் எங்கே சென்றனர்? அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் மட்டக்களப்பு அம்மன் கோயில்களிலே ஆராய்ந்து 1997 இல் அளித்த ஆய்வேடு இதற்கு விடை கூறுகிறது. தெய்வமேறி வாக்குச் சொல்வோரிடம் சென்று, மகன் உயிரோடு இருக்கிறானா என்று தாய்மார் கேட்டனர். வாக்குச் சொல்வோருட் பலர் தாமும் இழப்புக்கு உள்ளான பெண்கள். பிடித்துச் செல்லப்பட்டவரின் வதையைத் தம் உடம்பிலேயே நடித்துக் காட்டினர். வெளியிற் சொன்னால் உயிராபத்தான செய்தி, தெய்வத்தின் வாயால் ஊரறியச் சொல்லப்பட்டது. சங்கத் தோழி சிரித்த வெறியாட்டின் எதிர்மறை இது. அங்கே மானிடக் காரணத்தை மறைக்கத் தெய்வம் அழைக்கப்பட்டது. இங்கே மானிடக் காரணத்தை வெளியிடத் தெய்வம் அழைக்கப்பட்டது. மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் இரண்டையும் அளப்போமாயின், எமது முற்போக்கு மிக மலிவானதாகிவிடும்.

ஆனால் வாக்கு ஆறுதல் தரும், பிணை நிற்காது. தெய்வம் ஏறிய பெண் இரவிலே தாயோடு அழலாம். பொலிஸ் நிலையத்திலே பதில் பெற்றுத்தர அவளால் இயலாது. காணாமற் போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறி, அதன் ஆணையாளர்கள் 2018 இல் நியமிக்கப்பட்டனர். இடைப்பட்ட 2017 இலே வடக்கிலும் கிழக்கிலும் தாய்மார் தெருவோரங்களில் அமர்ந்து தொடர் போராட்டம் நடத்தத் தொடங்கினர். பழையனூர்ச் சபையோடு ஒப்பிடுக. வாளை வாங்கிக்கொண்டவர் பலர். பொய்த்தபோது தீயிற் புகுந்தவர் எவருமிலர்.

இங்குதான் அமானுஷ்யக் காதற்கதையின் பலமும் குறையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. வலியவன் தன்னை அடக்கிக் காட்டாதவரை எளியவரிடம் நம்பிக்கை கேட்க உரிமையற்றவன் என்பதை அது கற்றுத்தருகிறது. வள்ளியின் கதையும் காதற் பிரபந்தமும் கற்றுத்தராத பாடம் இது. ஆகவே அந்நாவல்களைப் படிக்கும் எமது மாணவியரைக் கேலி செய்வதற்கு முன் நாம் சற்று யோசிக்கவேண்டும். ஆயின் அந்நாவல்களின் உலகம் இருவராலானது. அவன் சொல் தவறினால் அவளுக்காகக் கேட்க மன்றமில்லை, மராமரமில்லை, எழுபதின்மர் இல்லை. அவனுடைய நற்குணமே காப்பு, அவனுடைய நற்குணமே பிணை. தனிமனித உறவுக்குள்ளேயே எல்லாக் காயமும் ஆறிவிடும் என்ற முதலாளித்துவ நாகரிகத்தின் ஆசை அது. காயம் ஊரால் நேர்ந்திருக்கும்போது ஒருவனின் அணைப்பு எவ்வளவு தூரம் மருந்தாகும்?

முன்னாளில் 'பாதை' எனப்படும் மிதவையிலே கடந்த வெருகலாற்றை இன்று கதிர்காம யாத்திரிகர் பாலத்தால் கடக்கின்றனர். கோயில் முன்றிலில் தங்கும் இரவிலே வள்ளியின் கதை இன்னமும் சொல்லப்படலாம். யானையைக் கண்டு அவள் அஞ்சிய இடம் வரும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுள் ஒருத்தி, அந்த யானையை அனுப்பியவர் யார் என்று அவளுக்குப் பிறகு தெரியவந்ததா எனக் கேட்பாளாயின், அக்கேள்வியிலிருந்து எழுதப்படவேண்டிய கதை வேறாக இருக்கும்.